கடைசி அறையில் சிக்னல்

இராக்கில், பஸ்ராவின் பெரிய மருத்துவமனை வாசலில் நுழைந்து, ஐந்து மாடியும் ஏறி இறங்கி, பிணவறை வரை போய்த் திரும்பினாலும் கைப்பேசிப் பேச்சு அறுந்துபோகாது என்று கானிம் மார்தட்டிக்கொள்வார். தட்டிக்கொள்ளட்டும். அங்கே இருக்கிற வைஃபை முழுக்க அவர் கைவேலை. சுவரில் மாட்டிய ஒரு வெள்ளை வைஃபை பெட்டியின் எல்லை முடிவதற்குள் அடுத்த பெட்டி பேச்சை வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் விட்டால் தலைமை நர்ஸ் உம் லைத்தின் வாயில் விழ வேண்டியதுதான்.

சோதித்துப் பார்த்ததும் மகனை வைத்துத்தான். முஹன்னத் பின்லாந்தில் அகதி மனு போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தான். அவனோடு பேசிக்கொண்டே தாழ்வாரம் தாழ்வாரமாக நடப்பார்.

"கேக்குதாடா?"

"கேக்குதுப்பா. உங்களுக்கு மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது. சிகரெட்டைக் குறைங்க."

பெண்கள் வார்டுக்குள் மட்டும் அப்படி நடந்து பார்க்கவில்லை. ஆண்பிள்ளை அப்படி உள்ளே போய்விட முடியுமா? ஆண் வந்திருப்பது தெரிய வெளியே நின்று "யா அல்லாஹ்" என்று குரல் கொடுத்துவிட்டு, கடைசி அறையில் இருந்த நர்ஸிடம் கேட்டார்.

"சிக்னல் வருதாம்மா?"

"நல்லா வருது, அபு முஹன்னத். உங்க கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது."

அபு என்றால் அப்பா, உம் என்றால் அம்மா; பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் இங்கே கூப்பிடுவது. ஜூலை மாதத்தில் ஏணி தூக்கி வியர்வையில் குளித்து நிற்கிற மனுஷனிடம் 'வரவில்லை' என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, தெரியாதா? தெரியும். ஆனாலும் நம்பினார். ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அதே அறையில்தான் அவர் மனைவி ஸபீஹாவுக்குப் படுக்கை கிடைத்தது. புற்றுநோய் ஈரலுக்கு ஏறிவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மகன் வந்தால் இன்னும் முடிவாகாத அந்த மனு போய்விடும், பின்லாந்துக்குத் திரும்பவும் முடியாது. அவனை வரவேண்டாம் என்று தடுத்ததே அவள்தான். "போன்ல அவன் மூஞ்சியைப் பாத்துக்கறேன், அது போதும்" என்றாள்.

பார்வை நேரத்தில் கானிம் தினமும் கேட்பார். "பையன் பேசினானா?"

"பேசினான். தாடி விட்டிருக்கான், கழுதை."

அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். தான் மாட்டிய பெட்டிகள் வழியாகத்தான் மகன் அவளிடம் வருகிறான் என்று அந்தத் துக்கத்திலும் ஒரு கர்வம். தன் கைப்பேசியை அங்கே ஒருமுறை எடுத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் காலையில் முஹன்னத் அவரைக் கூப்பிட்டான். "அப்பா, அம்மாவுக்கு ரொம்ப முடியலையா? போனை எடுக்கவே மாட்டேங்குறாங்க."

"தினம் உன்னோட பேசறதாச் சொல்றாளே?"

"அங்க போனதுலேர்ந்து ஒரு தடவைகூடப் பேசலப்பா."

"நீ தாடி விட்டிருக்கியா?"

"இல்லையே. ஏன்?"

கானிம் ஓடினார். அறைக்குள் கைப்பேசியை எடுத்தார். சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. சுவரைத் தட்டினார். மொத்தென்று கேட்டது.

"இது பழைய எக்ஸ்ரே ரூமாச்சே, சுத்தி ஈயத்தகடு, சிக்னல் எப்படி நுழையும்?" என்றார் உம் லைத். "உங்களுக்குத் தெரியாதா?"

கானிம் ஸபீஹாவிடம் திரும்பினார். "ஏன்டி சொல்லல?"

"இத்தனை நர்ஸுங்க முன்னாடி உங்க வேலையைக் குறை சொல்லச் சொல்றீங்களா?"

அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கட்டிலை வேறு அறைக்கு மாற்ற இடமில்லை. நகர்த்தவும் முடியாது, ஆக்சிஜன் குழாய் அந்தச் சுவரில்தான் இருந்தது. கேபிள் விடச் சுவரில் துளை போட அனுமதி கேட்டால், "பெருநாள் போகட்டும், பாக்கலாம்" என்றார் மருத்துவமனை இயக்குநர். இயக்குநர் அறைக்கு நடந்தே அந்த வாரம் கழிந்தது. கடைசியில் கானிம் யாரையும் கேட்காமல் கதவின் அடியில் கேபிளை விட்டு, தரையோடு இழுத்து, அலமாரியின் மேல் ஒரு பெட்டியை வைத்தார். இதை முதல் நாளே செய்திருக்கலாம். அது ஏன் தோன்றவில்லை என்று அவரைக் கேட்டுப் பிரயோசனமில்லை.

"தள்ளுவண்டி தடுக்கி எவளாவது விழப்போறா" என்று வைதுகொண்டே உம் லைத் கேபிளின் மேல் டேப் ஒட்டினார்.

அதற்குள் ஸபீஹா கண் மஞ்சளாகி, பாதி நினைவில் கிடந்தாள்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் முஹன்னத், மழமழவென்று சவரம் செய்த முகம். "அம்மா! நான்தான்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கானிம் கைப்பேசியை அவளருகே பிடித்தார்.

"உம் முஹன்னத், தெரியுதா?"

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை.

"நல்லா தெரியுது" என்றாள். "உங்க கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது."

படம் மட்டும் துளிகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, அம்மா என்னைப் பாக்குறாங்களா?"

"பாக்குறாடா" என்றார். "நல்லா பாக்குறா."