மலை ஏறாத ஜீப்பும் வேன் ஓட்டுநரும்

தல்லாகுளத்தில் எங்கள் தெருவிலேயே ஆட்டோமேட்டிக் ஜீப் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பழைய வெளிநாட்டு வண்டி. எந்த மலையும் ஏறும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அளந்துவிட்டு, அதைக் காட்டவே மாமனாரை அழகர்மலைக்கு அழைத்துப் போனேன். இரண்டாவது வளைவிலேயே வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. மாமனார் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே நடந்தார்.

பின்னால் பக்தர்களோடு வந்த வேனும் நின்றது. அதன் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. தன் வேன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. நான் நகர்ந்து இடம் கொடுக்க, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். வெறுங்காலில்தான் ஓட்டுவாராம்.

“கிளட்ச் எங்கண்ணே?”

“கிடையாது. இது ஆட்டோமேட்டிக்.”

கியர் கம்பியைக் குனிந்து பார்த்தார். “கடைசில எல்னு போட்டிருக்கே, அது எதுக்கு?”

“தெரியலண்ணே. நான் எப்பவும் டி-லயே ஓட்டிருவேன்.”

அவர் சிரிக்கவில்லை. “லோ கியரா இருக்கும்” என்று கம்பியை எல்லுக்கு இழுத்தார். வண்டி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது.

மூச்சிரைக்க நடந்துகொண்டிருந்த மாமனாருக்குப் பக்கத்தில் நிறுத்தி, “பெட்ரோல் பைப்புல தூசி அடைச்சிருந்துச்சுங்கய்யா. உங்க மருமகன் மேல தப்பில்ல, ஏறுங்க” என்றார். பிறகு இறங்கி, தன் வேனை நோக்கி நடந்தார்.

மாமனார் அந்தத் தூசியை இன்றும் நம்புகிறார். எனக்குத்தான் ஒன்று விளங்கவில்லை. அவர் என் மாமனார் என்று அந்த ஓட்டுநரிடம் நான் சொல்லவே இல்லை.