கப்பல் அறையின் இரண்டாவது படுக்கை

காலை 7.40, ஆரப்பாளையம் பேருந்து நிலையம். கப்பல் பயணத்தைப் பற்றிய கட்டுரை உசிலம்பட்டிப் பேருந்தில் தொடங்குவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மதுரையில் வாழ்பவர்களுக்குக் கப்பல் பயணத்தின் கடினமான பகுதி தரையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

நான் செல்லூரில் வசிப்பவன். கல்லூரியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கடல் நீரோட்டங்களைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைந்திருக்கிறேன். கடலில் ஒரு நாளும் பயணம் செய்ததில்லை. இப்போது நான் போக எண்ணியிருக்கும் கப்பல் அடுத்த மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது. வேற்று நாட்டுக் கரை எதையும் தொடாமல், மூன்று இரவுகள் கடலில் கழித்துவிட்டுத் திரும்பும். கடவுச்சீட்டு தேவையில்லை, ஆதார் அட்டை போதும். ஆனால் ஒவ்வோர் அறையிலும் இரண்டு படுக்கைகள். தனியாகப் போகிறவரும் இரண்டுக்கும் சேர்த்தே கட்டணம் செலுத்த வேண்டும்.

"கூட யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க சார். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேரச் சொல்லிருங்க" என்று நேற்றுச் சொன்னார் டவுன் ஹால் ரோட்டுப் பயண முகவர்.

என் மனைவி தவமணி காலமாகி ஒன்பது மாதங்கள் ஆகின்றன. அவளுக்குரிய அந்தப் படுக்கைக்கு அவளுடைய தம்பி காசிமாயனை அழைப்பதற்காகவே உசிலம்பட்டி போகிறேன்.

8.05. நாகமலையைக் கடந்தோம். மடியில் இருந்த கப்பல் நிறுவனத்தின் வண்ணத்தாளைப் பக்கத்து இருக்கைப் பெண்மணி உற்றுப் பார்த்தார். அவர் காலடியில் இரண்டு பெரிய எவர்சில்வர் தூக்குவாளிகள்.

"இம்புட்டுப் பெருசா! அண்ணே, இது தண்ணிக்குள்ள முங்காதா?"

"முங்காதும்மா. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்."

"இந்த பஸ்ஸையுந்தான் ஓடுறாப்புல கட்டியிருக்காக. போன வாரம் செக்கானூரணியில எறக்கித் தள்ள விட்டாய்ங்கள்ல?"

நடத்துநர் திரும்பிப் பார்த்தார். "யக்கா, நீ தள்ளவா செஞ்ச? டீக்கடையிலதான உக்காந்திருந்த?" பேருந்தின் பின்பாதி சிரித்தது.

செக்கானூரணிக்கு மேற்கே மானாவாரி நிலங்கள். மழை பிந்தியதால் சோளம் முழங்காலளவே நிற்கிறது. இந்த முப்பத்தெட்டு கிலோமீட்டர் வழியில் தவமணியோடு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். ஜன்னலோரம் எப்போதும் அவளுக்குத்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே முகவரிடம் இருவருக்கும் அறை பதிவு செய்திருந்தேன். கப்பலில் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தன்னைப் பற்றி அவள் வாய்விட்டுக் கேட்டவை மிகச் சில. இது அவற்றில் ஒன்று. கப்பல் புறப்படும் நாளுக்கு மறுநாள் காசிமாயன் தன் பேரனுக்குக் காதுகுத்து வைத்தான். அந்த வீட்டுக்கு மூத்த பெண் தவமணி. எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுக் காதுகுத்துக்குச் சீர் கொண்டு போகாத பெண்ணைப் பற்றி ஊர் பேசும். தம்பியின் மனமும் நோகும். ஆகவே பயணத்தை ரத்து செய்தேன். சரியான முடிவு என்றே இன்று காலை வரை எண்ணியிருந்தேன்.

8.50. உசிலம்பட்டி. அங்கிருந்து ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், எண்பது ரூபாய். காசிமாயன் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான். என்ன, சொல்லாமக் கொள்ளாம?"

காப்பி வந்தது. தாளை விரித்து வைத்து, நான் குறித்து வைத்திருந்தவற்றைச் சொன்னேன். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறை நல்லது. ஆட்டம் குறைவாக இருக்கும். புறப்படுவதற்கு முதல் நாளே சென்னை போய்விட வேண்டும். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும் என்பதால் மருந்துகள் கைப்பையில் இருக்க வேண்டும். கடலில் பேசினால் கட்டணம் மிக அதிகம், கைப்பேசியை அணைத்துவிடுவது நல்லது. சமைத்த உணவுக்கு அனுமதி இல்லை.

"சோறு கொண்டு போகக் கூடாதா? அப்ப அக்கா எப்பிடிப் போயிருக்கும்? திருப்பரங்குன்றத்துக்கே புளிச்சோறு கட்டாமப் போகாதே அது."

இருவரும் சிரித்தோம். அவள் போன பிறகு அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்கியதும் அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கே போயிருக்கலாம் மச்சான். நாந்தான் தேதிய மாத்திட்டேன்ல."

"எந்தத் தேதியை?"

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது போலும். நான் விடவில்லை, மறுபடியும் கேட்டேன்.

"பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி அக்கா வந்துச்சு. ஒத்தையா, பஸ்ஸுல. 'ஒரு வாரம் தள்ளி வைடா, கப்பலுக்குப் போயிட்டு வந்துர்றோம்'னுச்சு. இதுக்கு எதுக்குக்கா இம்புட்டுத் தூரம் வந்த, போன்ல சொன்னாப் பத்தாதான்னேன். அன்னைக்கே மண்டபத்துலயும் சொல்லி மாத்திட்டேன். மறுநா காலையில நீங்க போன் அடிச்சீக."

அந்தப் பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. கப்பலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், எங்களுக்கு உன் வீட்டு விசேஷம்தான் முக்கியம் என்று அவனிடம் சொன்னேன். சற்றுப் பெருமையோடுதான் சொன்னேன்.

"நான் தேதி மாத்துனதச் சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள வச்சுட்டீக. பெறகு அக்கா கூப்புட்டுச்சு. 'பழைய தேதியிலயே வையி. அவருகிட்ட மூச்சு விட்றாத. பெருமையாச் சொல்லிட்டாரு, அப்பிடியே இருக்கட்டும்'னுச்சு."

குலசாமிக்கு நேர்ந்த பூசை என்று சொல்லிவிட்டு அவள் தனியே வந்துபோன நாளாக அது இருக்க வேண்டும். காதுகுத்தன்று பட்டுச் சேலையில், சீர்த்தட்டோடு, எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். அந்த முகத்தில் எதையும் நான் காணவில்லை. பார்க்கத் தெரிந்திருக்கவும் இல்லை.

தாளை மடித்தேன். தண்ணீர் கேட்டேன். செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஒனக்கு வர இஷ்டமா காசி?"

"ஆச இல்லாம இருக்குமா? ஆனா அக்கா படுக்க வேண்டிய எடம். கண்ண மூடித் தூங்குவேனான்னு தெரியல. நைட்டு யோசிச்சு, காலையில சொல்றேன் மச்சான்."

"முகவர் இன்று மாலையே பேர் கேட்கிறார்" என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

11.20. மதுரைப் பேருந்து. கூட்டம் இல்லை. ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும் உள்பக்கமே உட்கார்ந்தேன். செக்கானூரணி தாண்டும்போது முகவர் அழைத்தார்.

"என்ன சார், ஆள் கெடச்சாச்சா?"

"அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. காலையில் சொல்வார்."

"சாயங்காலத்துக்கு மேல தாங்காது சார். அவுக பேர நீங்களே குடுத்துருங்க. ஒங்க மச்சினந்தான? நீங்க சொன்னா மாட்டேன்னா சொல்லப் போறாக?"

"சொல்ல மாட்டார். அதனால்தான் கொடுக்கவில்லை."

"அப்பறம் ரூமு போயிரும் சார்."

"போகட்டும்" என்றேன்.

அன்று பயணத்தை ரத்து செய்யவும் இவ்வளவு நேரம்தான் ஆனது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, முகவரிடம் நானே பேசி முடித்தேன். தவமணி சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவே அரிவாள்மனைச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. பிறகு மீண்டும் தொடங்கியது. எங்களுக்கிடையே பத்தடி தூரம் இருந்திருக்கும். கதவும் திறந்துதான் இருந்தது.