கோயமுத்தூருக்கு முட்டை மார்க்

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் நடந்த சர்வதேசப் பாட்டுப் போட்டியில் கோயமுத்தூர் நாட்டுக்கு மறுபடியும் முட்டை மார்க்.

என்ன, நீங்கள் பேப்பரில் பார்க்கவில்லையா? பார்த்திருக்க முடியாது. விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்ததிலிருந்து ஒரு வெளிநாட்டுச் சானலில் வருஷம் ஒருமுறை இந்தப் போட்டியைப் போடுகிறார்கள். ஏகப்பட்ட நாடுகள். நாட்டுக்கு ஒரு பாட்டு. எல்லோரும் பாடி முடித்த பிறகு ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போன் வரும் — 'ஹலோ, இன்ன நாட்டிலிருந்து பேசுகிறோம், எங்கள் மார்க் இது' என்று. ஒரே ஒரு கண்டிஷன்... சொந்த நாட்டுக்கு யாரும் மார்க் போட்டுக்கொள்ளக் கூடாது.

போன வருஷம் வரை இதை நான் தனியாகப் பார்த்ததில்லை. எதிர்வீட்டு சரோஜாக்கா வந்துவிடுவார். கணவர் காலமாகிப் பல வருஷங்கள்; ஒரே மகன் பெங்களூரில். எனக்கோ கல்யாணமே ஆகவில்லை. காலேஜ் வேலை, இந்தப் பத்தி, ஒரு டிவி — இவ்வளவுதான் என் குடும்பம். ஞாயிறு மத்தியானம் மறுஒளிபரப்பு தொடங்கும் முன்பே அரிசிம்பருப்புச் சாதத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு அக்கா ஆஜர்.

எங்கள் கேபிளில் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். நாடுகளின் பெயர் அடியில் ஓடும். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் வாயில் நுழையாது. பார்த்தார் அக்கா. எல்லா நாட்டுக்கும் அவரே பெயர் வைத்துவிட்டார்.

பெரிய பெரிய கட்டம் போட்ட கவுனில் ஒரு பெண் வந்தாள். "பெட்ஷீட்டச் சுத்திக்கிட்டு வந்திருக்குது பாருங்க அம்மணி... இது சென்னிமலைங்க!" பெட்ஷீட் நெய்கிற ஊராயிற்றே. தீப்பந்தம் பிடித்து ஆடிய கூட்டம் காரமடை ஆனது — அங்கே தேர்த் திருவிழாவில் பந்தம் எடுத்து ஆடுவார்களே, அதனால். கனத்த சரீரத்தோடு அசைந்து அசைந்து மேடைக்கு வந்த பாடகர்? வேறென்ன, அவிநாசித் தேர்தான்.

அடுத்து ஒரு பெண். கூட ஆட ஆள் இல்லை. புகை இல்லை, பந்தம் இல்லை. தோளில் ஒரு சால்வை, சன்னமான குரல். பாடி முடித்ததும் ஜனங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். மைக்கை எடுக்க வந்த ஆளுக்கும் ஒரு கும்பிடு.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இத்தன மருவாதி வேற யாருக்குங்க வரும்? இது நம்மூருங்க!"

அப்படித்தான் அது கோயமுத்தூர் நாடு ஆயிற்று. கொடியை அடையாளம் வைத்துக்கொண்டோம். வருஷா வருஷம் ஆள் மாறும், அந்தக் கும்பிடு மாறாது. அந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது. மார்க்கும் மாறாது... முட்டைதான். சாதுவாக ஒரு ஓரத்தில் நின்று பாடினால் யார் கண்ணில் படும்?

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாங்களும் மார்க் போடுவோம். அக்கா தெலுங்கில் கூட்டுவார். வீட்டில் அவர்கள் பாஷை அது. எவ்வளவு கேவலமாகப் பாடினாலும் அக்காவிடம் ஒரு மார்க்காவது உண்டு. "அத்தன தூரத்துலிருந்து வந்து பாடறாங்க. வெறுங்கையோடயா அனுப்பறது?"

கோயமுத்தூருக்கு மட்டும் போட மாட்டார். போட்டியின் கண்டிஷன் இருக்கிறதே! "அக்கா, நாம் போடுவது யாருக்குத் தெரியப் போகிறது? பாவம், நம் கையாலாவது ஒரு மார்க் வாங்கிக்கொள்ளட்டும்" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"அதெப்படிங்க? நம்மூட்டுப் பொருள நாமளே நல்லாருக்குதுன்னு சொல்லிக்கிட்டா மருவாதிங்களா? பக்கத்து ஊர்க்காரங்க சொல்லோணும்."

ஆக, டிவியிலும் முட்டை, காலண்டர் தாளிலும் முட்டை. ஊர்ப்பாசம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

இந்தப் பொங்கல் கழிந்ததும் மகன் வந்து அக்காவைக் கூட்டிப் போய்விட்டான். முட்டிவலி, தனியாக இருக்கிறார், ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்... அவன் சொன்னதில் எதுவும் தப்பில்லை. "வாரேனுங்க அம்மணி" என்றுதான் அக்காவும் கார் ஏறினார். போகிறவர்கள் எல்லோரும் சொல்வது அதுதானே?

எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு இளம் ஜோடி வந்திருக்கிறது. நல்ல மாதிரி. ஆனால் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. பெங்களூரிலிருந்து முதலில் வாராவாரம் போன் வந்தது. பிறகு எப்போதாவது. பிறகு நின்றே போனது. நான் கூப்பிட்டால் மருமகள் எடுத்து, "அத்தை வாக்கிங் போயிருக்காங்க ஆன்ட்டி, வந்ததும் சொல்றேன்" என்பாள், மரியாதையாகத்தான். சொன்னாளோ, மறந்தாளோ... எத்தனை தடவைதான் கூப்பிடுவது? அக்காவுக்கு அங்கே பேரன், புது ஊர், புதுப் பழக்கம். என்னை மறந்திருந்தால் அதுவும் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ளலாம்... மனசு கேட்க வேண்டுமே!

போன ஞாயிறு அரிசிம்பருப்புச் சாதத்தை நானே செய்தேன். கொஞ்சம் அடிப்பிடித்தது. டிவியைப் போட்டேன். சென்னிமலை வந்தது. "பாருங்கக்கா, இந்த வருஷம் தலையணை உறையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிதான் இருந்தது.

அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஒரு வேடிக்கையைத் தனியாகப் பார்ப்பது இருக்கிறதே, அது கொடுமை. டிவியை அணைத்துவிடலாம் என்று எழுந்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது.

"ஏனுங்க அம்மணி... நம்மூருப் புள்ள பாடிருச்சுங்களா?"

பின்னால் பஸ் ஹாரனும் கன்னடமும் கேட்டன. "அக்கா! எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"எஸ்டிடி பூத்துலிங்க. ஊட்டுல டிவில பேரன் கிரிக்கெட் பாக்கறான். சின்னப் பையன், மாத்தச் சொல்ல மனசு வரலீங்க. கொத்தமல்லி வாங்கியாரேன்னு சொல்லிப்போட்டு வந்தனுங்க. பாடிருச்சுங்களா?"

"இல்லைக்கா... இதோ, இப்போதுதான் வருகிறாள்!"

போன் ஒயர் டிவி வரை எட்டவில்லை. டிவியைச் சத்தமாக வைத்து, ரிசீவரை எட்டிய மட்டும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். இந்த வருஷம் இன்னும் சின்னப் பெண். அதே சன்னமான குரல். பாட்டு முடியும்வரை கை வலித்தது, இறக்கவில்லை.

"கும்பிட்டாளுங்களா?"

"கும்பிட்டாள் அக்கா. மைக் எடுக்க வந்தவருக்கும்."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். போட்டியில் போன் செய்கிறவர்கள் பேசுவார்களே, அதே தோரணை.

"ஹலோ... பெங்களூர் நாட்டுல இருந்து பேசறோமுங்க. எங்க மார்க்கை எழுதிக்குங்க. கோயமுத்தூருக்கு முழு மார்க்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, சொந்த ஊருக்கு மார்க் போட்டால் மரியாதை இல்லை என்று நீங்கள்தானே..."

"நான் இப்ப வெளியூருங்களே, அம்மணி."

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"கொத்தமல்லி வாங்கோணுமுங்க... வாரேனுங்க" என்று வைத்துவிட்டார்.

டிவியில் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு நாடாகப் போன் செய்தது. அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒருவரும் ஒரு மார்க் கூடப் போடவில்லை. பெங்களூரில் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து அவளுக்கு முழு மார்க் வந்திருப்பது அவளுக்கு எங்கே தெரியப் போகிறது? காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அக்காவின் மார்க்கை எழுதி வைத்தேன்.

என் மார்க்கா? நான் எப்படிப் போடுவது... நான் இன்னும் உள்ளூர்க்காரியாயிற்றே!