மூன்றாவது கொட்டகையில் கேட்ட முனகல்

ஐரோப்பிய யுத்தம் முடிகிற தறுவாயில், விஷ ஜுரம் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. நடந்த இடம் பட்டணத்துத் துறைமுகம், நேரம் பட்டப்பகல். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் மார்க்கா போடுகிற குமாஸ்தாவாக இருந்தேன். பதனிட்ட தோல்களை அடுக்கி, அழுத்திக் கட்டி, கோணி சுற்றித் தைத்துவிடுவார்கள். எழுத்து வெட்டிய தகரத் தகட்டை அந்தக் கோணிமேல் வைத்து, கறுப்பு மையைத் தடவுவது என் வேலை. யாருடைய சரக்கு, எந்தக் கப்பலில் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதெல்லாம் அந்த எழுத்தைப் பார்த்தால் தெரியும்.

சிப்பாய்களின் பூட்ஸுக்காக அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துத் தோலுக்கு ஏகக் கிராக்கி. ஸ்டேஷனில் வாகன் வாகனாக ஏற்றிக்கொண்டே இருப்போம். ஆனால் ஜுரம் வந்ததும் எல்லாம் நின்றுபோயிற்று. தோல் தேய்க்கிறவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். பட்டணத்திலோ மூட்டை தூக்க ஆள் இல்லை, கப்பலும் இல்லை. நாங்கள் அனுப்பிய கட்டுகள் துறைமுகக் கொட்டகையிலேயே ஒரு மாதமாகக் கிடந்தன. மழை வேறு பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் பட்டணத்துத் தரகரிடமிருந்து தந்தி வந்தது. ஒரு சரக்குக் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அது வேறு துறைமுகத்துக்குப் போகிற கப்பல், ஆகவே மார்க்காவை மாற்ற வேண்டும், உடனே ஆள் அனுப்பவும் என்று. முதலாளி என்னைக் கூப்பிட்டார். வயதான முஸ்லிம் பெரியவர் அவர், அதிர்ந்து பேசமாட்டார்.

"மழை ஜாஸ்தி ஆய்ட்டா தோல் பூரா பூசணம் புடிச்சுடும். அப்புறம் அதை யாரும் தொடமாட்டான். உன்னை அனுப்ப எனக்கே மனசு இல்ல, ஆனா வேற ஆள் எங்கே இருக்கான்? போய்ட்டு சீக்கிரம் வந்துடு" என்றார்.

என் மனைவி அப்போதுதான் பிரசவமாகி இரண்டு மாதம். தலைப்பிள்ளை. அவள் ஒரு கைக்குட்டையில் கற்பூரமும் ஓமமும் முடிந்து கொடுத்தாள். அதை மூக்கிலிருந்து எடுக்காமலே காலை ரயிலில் போனேன். பெட்டியில் என்னோடு நாலு பேர்கூட இல்லை.

துறைமுகத்தை நான் அதற்கு முன் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே நின்றால் பேச்சே கேட்காது. பாரம் தூக்கும் யந்திரங்களின் இரைச்சல், கப்பல் கலாசிகளின் கூச்சல், சீமைக்குப் போகிற துரைமார், துரைசானிகளின் பெட்டிகளைச் சுமந்து ஓடுகிற கூலிகள், ரங்கூன் கப்பலுக்காக மூட்டை முடிச்சோடு குந்தியிருக்கிற ஜனங்கள் என்று எள் போட்டால் எள் விழாது. அன்று அங்கே காக்கை கத்துவது கேட்டது. யந்திரங்கள் கையைத் தூக்கியபடியே நின்றன. தண்ணீரில் தூரமாக ஒரு பிரயாணிக் கப்பல் மஞ்சள் கொடி கட்டி நின்றது. அதில் வந்தவர்களைக் கரையேற விடவில்லை என்று சொன்னார்கள். சர்க்கரை மூட்டைகள் மழையில் நனைந்து, பாகு தரையில் ஓடி, அதை ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. துடைக்க ஆள் இல்லை.

வாசலில் ஒரு காவல்காரர் மட்டும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டைக் காட்டினேன். கிட்டே வராதே என்று கையைக் காட்டி, "ஆம்பூர் தோலா? மூணாவது கொட்டகைல கீது, போ" என்றார். அவருக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தகரப் பந்தலின் கீழ் நாற்பது வயதுள்ள ஒரு பெண்பிள்ளை கூழ்ப்பானை வைத்துக்கொண்டிருந்தாள். வாங்குவதற்குத்தான் ஒருவரும் இல்லை.

கொட்டகைக்குள் வெளிச்சம் கம்மி. நுழைந்ததும் வலதுபுறம் எங்கள் கட்டுகள். தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையின் வாடை அடித்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல ஒரு தைரியம் வந்தது. தகட்டை வைப்பதும் மை தடவுவதுமாக மளமளவென்று முடித்துக்கொண்டே போனேன். கணக்குப்படி இன்னும் சில கட்டுகள் குறைந்தன. திரும்பிப் பார்த்தேன். இடதுபுறச் சுவரோரம் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு வரிசை தெரிந்தது. ஓரத்தில் கோணி நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் நம்முடையதுதான் என்று தார்ப்பாயை ஒதுக்கினேன். தைத்த கோணி, கயிற்றுக் கட்டு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மண்டியிட்டுத் தகட்டை வைத்து அழுத்தினேன்.

தோல் கட்டு கல்லைப் போல இருக்கும். யந்திரத்தில் அழுத்திக் கட்டியது அல்லவா? இது அமுங்கியது.

என் கைக்கு அது புரிந்துவிட்டது; புத்திக்குப் புரியவில்லை. மறுபடி அழுத்தினேன். அப்போதுதான் கோணிக்குள்ளிருந்து அந்த முனகல் வந்தது. பெரிய சத்தம் இல்லை. தூக்கத்தில் குழந்தை சிணுங்குவது போல ஒரு சத்தம். அதோடு என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

தகடு எங்கே விழுந்தது, மைக் குடுவை எங்கே கவிழ்ந்தது, எனக்குத் தெரியாது. கத்திக்கொண்டே வெளியே ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. வாசலுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"இன்னா நைனா, இன்னா ஆச்சு?" என்று கேட்டாள் அந்தக் கூழ்க்காரி.

"பொணம்... உள்ளே பொணம்... முனகுது" என்றேன்.

காவல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், வலது பக்கந்தான் உன் சரக்கு. இடது பக்கம் நேத்து கப்பல்லேர்ந்து எறக்குனது. வண்டி வரல, அதான் அங்கே போட்டு வெச்சிருக்காங்க" என்றார். மஞ்சள் கொடி கட்டி நின்ற அந்த ரங்கூன் கப்பலில், மேல்தளத்தில் படுத்துக்கொண்டே வந்து ஜுரத்தில் செத்த பிரயாணிகள் அவர்கள். சுற்றுவதற்குத் துணி அகப்படாமல், இருந்த கோணியில் சுற்றித் தைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரியும் என்று எண்ணித்தான் என்னிடம் சொல்லவில்லையாம்.

கூழ்க்காரி அதையெல்லாம் கேட்கவே இல்லை. "முனகுச்சுன்னா அது எப்படி பொணம் ஆவும்?" என்றாள். காவல்காரரைப் பார்த்தாள். அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் பார்த்தாள். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், வெங்காயம் நறுக்குகிற கத்தியையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். ஆனால் கொட்டகை வாசலுக்கு இருபது அடி முன்னாலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. என் மை கொட்டிக் கிடந்த கோணியைக் கண்டுபிடித்து அவள் தையலை அறுத்தாள். உள்ளே ஒரு தலை தெரிந்தது. வாலிபன்தான், என் வயது இருக்கும். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. அவள் அவன் மூக்கில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். பாதி வழிந்தது. பிறகு அவன் தொண்டை ஏறி இறங்கியது.

அவனைக் கோணியோடு வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து, "நைனா, கால் பக்கம் புடி. ஒண்டியா முடியல" என்றாள்.

நான் போகவில்லை.

போகக்கூடாது என்று யோசித்து முடிவு செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கால் எழவில்லை. வீட்டில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் முகம்தான் கண் முன்னால் நின்றது. அவள் இரண்டாம் தடவை கூப்பிட்டாள். நான் தலையை ஆட்டினேன். முடியாது என்று.

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் உறுத்தியிராது. "சரி நைனா, நீ புள்ளகுட்டிக்காரன், தள்ளியே நில்லு" என்று சொல்லிவிட்டு, அவன் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, பின்பக்கமாக நடந்து தானே இழுத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கூழின் தெளிவை ஊட்டினாள். அவன் கண் ஒருமுறை திறந்தது. எதிரே நின்ற என்னைத்தான் முதலில் பார்த்தது.

காவல்காரர் எங்கேயோ போய் ஆஸ்பத்திரி வண்டியைக் கூட்டி வந்தார். அது வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். மீதிக் கட்டுகளைத் தேடி மார்க்கா போடவில்லை. தகட்டைக்கூட எடுக்கவில்லை. சாயங்கால ரயிலில் ஆம்பூர் வந்து, வீட்டுக்குப் போகப் பயந்து, மண்டியின் பட்டைக் கிடங்கில் ஆறு நாள் தனியாகப் படுத்திருந்தேன். ஜுரம் வரவில்லை.

வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்ததற்கு முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டுமே. பிணங்களோடு ஓர் உயிர் கிடந்ததைச் சொன்னேன். "கோணியை அறுத்துத் தூக்கி வெளியே கொண்டாந்தோம் முதலாளி" என்றேன். 'நான்' என்று சொல்லவில்லை. 'கொண்டாந்தோம்' என்றேன். என் பொய் முழுவதும் அந்த 'தோம்' என்ற இரண்டு எழுத்துக்குள்தான் இருந்தது. அவர் கண் கலங்கி, தோல் போனால் போகட்டும், நீ செய்தது பெரிய காரியம் என்று என் தோளைத் தட்டினார். என் மனைவி தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள், மெலிந்த ஒருவன் ஒரு சிறு மூட்டை வேர்க்கடலை வாங்கிக்கொண்டு மண்டிக்கு வந்தான். சொந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரம் என்றான். என்னைப் பார்த்ததும் அத்தனை பேர் நடுவிலே தடாலென்று காலில் விழுந்தான். அவன்தான். ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்து, துறைமுகத்துக்குப் போய் விசாரித்து, காவல்காரரிடம் எங்கள் மண்டியின் விவரம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். முதலாளி அவனை எழுப்பி உட்காரவைத்துச் சாப்பாடு போடச் சொன்னார். ஆட்களெல்லாம் என்னைச் சாமியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

ஸ்டேஷன் வரைக்கும் வழியனுப்பப் போனேன். பாதி வழியில் நின்றேன்.

"உன்னை நான் தூக்கல. ஓடிட்டேன். அந்தக் கூழ்க்காரம்மா கால் புடின்னு ரெண்டு வாட்டி கூப்ட்டாங்க. அப்பவும் நான் வரல. நீ அவங்களைத்தான் போய்ப் பாக்கணும்" என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மொதல்ல அவங்களைப் பாக்கத்தாங்க போனேன். அவங்க இல்ல. என்னை எடுத்த ஆறாவது நாளு, அதே ஜுரத்துல போய்ட்டாங்களாம். பந்தலைக்கூடப் பிரிச்சுட்டாங்க. அவங்க முகங்கூட எனக்குச் சரியா நெனப்புல இல்ல. கை மட்டுந்தான் நெனப்பு இருக்குது. அதான் உங்களையாவது பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டைக் கிடங்கில் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அதே ஆறு நாளில் அவள் போய்விட்டாள்.

அவனும் என் பக்கத்தில் குந்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கப்பல்ல எம் பக்கத்துல படுத்திருந்தவன் எங்க ஊருக்காரந்தாங்க. ஒண்ணாத்தான் ரங்கூனு போனோம். ஒரு ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு கேட்டான். நான் முழிச்சுக்கினுதான் இருந்தேன். போர்வையை இழுத்து மூடிக்கினேன். அவன் வூட்ல போய் இன்னா சொல்றதுன்னு தெரியாமத்தான் இன்னும் ஊருக்கே போவல."

ரயில் வந்தது. அவன் ஏறினான். அவனை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

முதலாளி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கடைசிவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குப் போன வைகாசியில் கல்யாணம் செய்தேன். பந்தலில் என் மனைவி சம்பந்தி வீட்டாரிடம், "எங்க வூட்டுக்காரரு பொணக் குவியல்லேர்ந்து ஒரு உசுரைத் தூக்கினு வந்தவரு" என்று பழைய பெருமையை ஆரம்பித்தாள். சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அன்று இரவே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அந்தம்மாவுக்குப் புள்ளைங்க இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கேட்டுவைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

இப்போதும் எங்கள் தெருவில் யாராவது காய்ச்சலாய்க் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் என் கால் முதலில் எதிர்த் திசையில்தான் திரும்புகிறது. அதைத் திருப்பி அந்த வீட்டு வாசற்படி ஏறுவதற்கு, ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கூழ்க்காரி வேண்டியிருக்கிறாள்.