பெயர் மாற்ற ஐந்து வெள்ளி

அந்த யோசனை எனக்குத் தோன்றியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிட்டங்கியில் சாமி படத்துக்கு முன்னால் நின்றபோது. மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. முந்தின நாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் சட்டைப் பையில் மடங்கிக் கிடந்து நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. மோட்டார் பாலிசியில் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுத நிர்வாகக் கட்டணம் இந்த நாட்டுக் காசில் ஐந்து வெள்ளி. நான் கடல் தாண்டி ஈப்போவுக்கு வந்த இரண்டு வருஷத்தில் இது நான்காம் தடவை. ஒரு பெயரை எழுத எத்தனை துளி மை செலவாகும் என்று கறுவிக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். படத்தில் தண்டாயுதபாணி கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். இவர் மூன்று வருஷக் கெடு முடிந்து கப்பலேறுகிறவர் இல்லையே! பாலிசியை இவர் பெயரில் எழுதிவிட்டால் என்ன?

காரைக்குடியில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு கிட்டங்கியில் படுத்து எழுந்தவர்கள்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நீளமான கூடம். அதில் ஐந்து வட்டிக்கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு ஏஜெண்டு. ஏஜெண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு ஊருக்குப் போவார், அவர் இடத்துக்கு வேறொருவர் வருவார். நான் ஒரு கடையில் அடுத்தாள், அதாவது ஏஜெண்டுக்குக் கீழே. இங்கிலீஷ் படித்தவன் என்பதால் ஐந்து கடைக்கும் கடிதம் எழுதுகிற வேலையும் என் தலையில். ஐந்து கடைக்கும் சேர்த்து ஒரே கார். பாலிசி எப்போதும் இருப்பவர்களில் மூத்தவர் பெயரில் இருக்கும். அவர் கப்பலேறினால் அடுத்த மூத்தவர் பெயருக்கு மாற வேண்டும். இளையவன் பெயரில் எழுதினால் மூத்தவர் அந்தக் காரில் எப்படி ஏறி உட்காருவார்? ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து வெள்ளி. எங்கள் மரியாதைக்குக் கம்பெனி வைத்த வாடகை அது.

காரை ஓட்டுகிறவர் கருப்பையா. கோட்டையூர்ப் பக்கத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டு ஆள். வந்து ஏழு வருஷம் ஆகிறது. ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. அவர் கப்பலேறின பிறகு பிறந்த மகளுக்கு இந்த வருஷம் காதுகுத்து. தகப்பன் வந்தால்தான் குத்துவோம் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கப்பலுக்கு டிக்கெட்டு வாங்கித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டிக்குள்ளே ஒரு ஜோடிச் சின்னத் தோடும் இருந்தது. எனக்குக் காட்டியிருக்கிறார்.

ஊரில் எங்கள் பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, வீட்டில் ஒரு மோட்டார் உண்டு. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பெண் அழைக்க அதுதான் போகும். பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கேட்டாலும் போகும். "யாருது?" என்று வெளியூர்க்காரர் கேட்டால் எல்லாரும் "எங்க வண்டி" என்பார்கள். பெரியப்பச்சி காலமான மறுவாரம் அதே கார் அதே டிரைவரோடு கருமாதிச் சாமான் வாங்கக் காரைக்குடிக்குப் போனது. யாரும் யார் பெயரையும் அடிக்கவில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனிடம் வந்து, கார் ஒருவருடையதாகத்தான் இருக்க வேண்டும், அந்த ஒருவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவர் மாறினால் பணம் கட்ட வேண்டும் என்றால் கோபம் வராதா?

அன்று பத்து மணிக்கெல்லாம் கம்பெனிக் கவுண்டரில் நின்றேன். எனக்கு நிதானம் என்பது பிறவியிலேயே கிடையாது. அங்கே இருந்த குமாஸ்தா லிம் என்கிற சீனர், நல்ல மனுஷர், எப்போதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். "எங்கேயும் போகாத ஒருவர் பெயரைக் கொடுங்களேன், ஒரே தடவையோடு முடிந்துவிடும்" என்று அவர்தான் முன்பு சொல்லியிருந்தார். கிடைத்துவிட்டார் என்றேன். இங்கிலீஷில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"மிஸ்டர் தண்டாயுதபாணி. வசதியானவரா?"

"எங்கள் ஐந்து கடையிலும் அவருக்குப் பங்கு உண்டு."

"ஓ! பெரிய மனிதர். வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்."

"அவர் வரமாட்டார். நாங்கள்தான் போய்ப் பார்ப்போம்."

"உடம்பு முடியாதவரா? வயது என்ன?"

"சின்ன வயதுதான். வீட்டில் கோபித்துக்கொண்டு வந்து தனியாக நிற்கிறார்."

லிம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அனுதாபத்தோடு, "அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டையா?" என்றார். பழத்துக்காக நடந்த சண்டை என்றேன். அதற்குமேல் மறைக்க எனக்கே மனசு வரவில்லை. சாமி என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் நிலபுலனே சாமி பெயரில் இருக்கிறது, கோர்ட்டும் ஒத்துக்கொள்கிறது என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. மேலதிகாரிக்கு எழுதுகிறேன், பெயர் மாற்றம் கேட்டு மனுவாகக் கொடுங்கள் என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். ஐந்து வெள்ளி மிச்சம் என்று கிட்டங்கி முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். சுப்பையா அண்ணன், அப்போது மூத்த ஏஜெண்டு, பாலிசியில் இருந்தது அவர் பெயர்தான், என் முதுகைத் தட்டி, "படிச்ச பய படிச்ச பயதான்டா" என்றார். அடுத்த வாரம் ஊருக்குக் கப்பலேறினார்.

கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. மனு கொடுத்த பத்தாம் நாள் மழை. சந்தைக்குத் திரும்புகிற முனையில் கார் வழுக்கி, கூடை கட்டிய சைக்கிளில் வந்த காய்கறிக்காரர் ஒருவரை இடித்துவிட்டது. கால் எலும்பு முறிந்தது. கருப்பையாவே அவரைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ச் சொன்னார். ஓடிப்போகத் தெரியாத மனுஷர். வழக்கு முடிகிறவரை நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

பதில் அதற்குப் பிறகு வந்தது. பாலிசியில் பெயருள்ளவர் விபத்து நாளில் இந்த நாட்டில் இல்லை. மாற்றம் எதுவும் பதிவாகவில்லை. ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை. கீழே இன்னும் ஒரு வரி. தெய்வத்தின் பெயரில் மாற்றம் கேட்ட மனுவைப் பரிசீலித்து நிராகரித்ததற்கு நிர்வாகக் கட்டணம் ஒரு வெள்ளி. முருகனை வேண்டாம் என்று சொல்லவும் காசு!

அதைவிடக் கேவலமானது எங்கள் கூடத்தில் நடந்தது. காய்கறிக்காரரின் வைத்தியச் செலவு, அவர் குடும்பத்துக்கு வழி, இவற்றை யார் ஏற்பது என்று ஐந்து கடையும் கூடிப் பேசியது. இப்போது மூத்தவர் வயிரவன் அண்ணன்.

"ஓட்டுனவன் அவந்தானப்பா. நம்மளா ஓட்டச் சொன்னோம்?" என்றார்.

"நாமதாண்ணே சொன்னோம். உங்க சுருட்டு வாங்கத்தான் போனாரு" என்றேன்.

"வாயைப் பாரு. நீ சாமிகிட்டப் போகாம அஞ்சு வெள்ளியக் கட்டித் தொலைச்சிருந்தா இம்புட்டுத் தொல்லை இருக்கா?"

அவர் சொன்னது உண்மை. கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கப் போனவன் நான். ஆனால் அந்த நிமிஷத்தில் இன்னொன்றும் உறைத்தது. ஐந்து வெள்ளி கட்டச் சொன்னபோது அந்தக் காருக்குச் சொந்தக்காரர் யார் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கால் ஒடிந்ததும் சொந்தக்காரர் உடனே கிடைத்துவிட்டார்! கருப்பையா சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. எங்கேயும் போகாத ஒருவர் வேண்டும் என்று லிம் கேட்டபோது ஐந்து கடையும் அண்ணாந்து சாமி படத்தைப் பார்த்தோமே, ஏழு வருஷமாக ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை எங்களில் ஒருவன் நினைத்தானா? நாங்கள் மூன்று வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்குப் போக, எங்களைத் துறைமுக ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டதே அவர்தான்.

சாயங்காலம் கொட்டகையில் அவர் மட்கார்டின் நெளிவைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"சின்னச் செட்டியாரே, நீங்க சாமிய இதுல இழுத்திருக்க வேணாம்" என்றார். "அவருக்கு லைசென்ஸா இருக்கு?"

"தப்பு என்னுதுதாண்ணே. காதுகுத்து..."

"காது எங்க போயிரப் போகுது? அங்கனதான இருக்கும்." தட்டிக்கொண்டே இருந்தார். முகத்தைத் திருப்பாமல், "டிக்கெட்டத் திருப்பிக் குடுத்தா முழுக் காசும் தருவாகளா, அதுலயும் பிடிப்பாகளா? கேட்டுச் சொல்றீகளா?" என்றார்.

உள்ளே வந்து அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பரிசீலனைக் கட்டணம் என்ற வரியில் மனு கொடுத்த தேதியையும் போட்டிருந்தான். விபத்துக்குப் பத்து நாள் முந்தின தேதி! பெயரை மாற்றச் சொல்லி நாங்கள் முன்னாலேயே கேட்டோம், கம்பெனிதான் பத்து நாள் சும்மா வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த ஒரு வெள்ளியை அன்றே ஓடிப்போய்க் கட்டினேன். லிம் ரசீது எழுதும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். "தேதியைத் தெளிவாக எழுதுங்கள்" என்றேன். "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று வேண்டுமென்றே பெரிய எழுத்தாக எழுதினார்.

நாளைக்குக் காலை அந்த ரசீதோடு கம்பெனித் துரையைப் பார்க்கப் போகிறேன். அவர் மசியாவிட்டால் ஒரு வக்கீலை வைத்து மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் அதை நீட்டச் செய்வேன். கப்பலுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதற்குள் காய்கறிக்காரருக்குக் கம்பெனியைப் பணம் கட்டவைத்து, வழக்கை முடித்து, கருப்பையாவை விடுவித்தாக வேண்டும். இனிமேல் பாலிசி என் பெயரில் என்றும் கூடத்தில் சொல்லிவிட்டேன். வயிரவன் அண்ணன், "இளவட்டப் பய பேர்ல ஓடுற வண்டியில நான் ஏறணுமாக்கும்? நீயே அடுத்த வருசம் ஊருக்குப் போயிருவே, அப்ப அஞ்சு வெள்ளிக்கு எங்குட்டுப் போறது?" என்று கேட்டார். போகமாட்டேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

இப்போது மனுப் படிவம் என் பெட்டிமேல் இருக்கிறது. பெயர் எழுதியாயிற்று. அதற்குக் கீழே நிரந்தர விலாசம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறான். காரைக்குடி என்று எழுதினால் லிம் வாங்கமாட்டார். ஈப்போ என்று எழுதினால், ஒவ்வொரு கடிதத்திலும் எப்போது வருவாய் என்று கேட்கிற ஆத்தாவுக்கு அது என்றைக்காவது தெரிந்துவிடும் போல ஒரு பயம். பின்னால் திருத்தலாம்தான், திருத்த ஐந்து வெள்ளி. பேனாவை இரண்டு தடவை மையில் தோய்த்தேன், இரண்டு தடவையும் காய்ந்துவிட்டது. காலை பத்து மணிக்குள் அந்தக் கோட்டில் ஓர் ஊரை எழுதியாக வேண்டும்.