மாமனார் வைத்த லீக் டெஸ்ட்

காலையில் ஏசி மாட்ட வந்த மெக்கானிக் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

பைப்பில் நைட்ரஜன் ஏற்றி அரை மணி நேரம் பார்த்தார். அழுத்தம் காட்டும் கேஜ் முள் அசையவில்லை. "லீக் இல்லக்கா, கெளம்புறேன்" என்றார்.

என் மாமனார் சவுதியில் இருபது வருஷம் ஏசி வேலை பார்த்தவர். "அங்கிட்டெல்லாம் ஒரு நாள் முழுக்க வச்சுப் பாப்போம். ஒக்காருங்க தம்பி."

கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லீக் இருந்தால் குமிழி வரும் என்று பைப் இணைப்பில் பூசிய சோப்பு நுரை காயக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்திவிட்டார்.

வியர்த்தபடி மூன்று பேரும் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான்கு முறை டீ போட்டாயிற்று.

மெக்கானிக் என்னிடம் மெல்லக் கேட்டார். "பின்பக்கம் வழி இருக்காக்கா?"

"இருந்தா நான் இன்னும் இங்க இருப்பேனா தம்பி?"

பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது வந்து கேட்டைத் தட்டுங்கள். விருந்தாளி என்றால் மாமா திறப்பார். நீங்கள் உள்ளே வர வேண்டாம், எங்களுக்கு வழி விட்டால் போதும்.