ஐந்து நாள் என்று சொன்னோம்

கொல்லிமலையில் எங்கள் ஊர் வழக்கப்படி, மாதவிடாய் வந்தால் பெண்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் ஐந்தாம் நாள் குளித்துவிட்டு உள்ளே வருவார்கள். என் தங்கைக்கு நிற்கப் பதினைந்து நாள் ஆகும். அம்மா ஐந்தாம் நாளே அவளைக் குளிக்க வைத்து உள்ளே சேர்த்துக்கொள்வாள். "யாரு கேட்டாலும் அஞ்சு நாளுன்னே சொல்லு கண்ணு. இல்லாட்டி எவன் கட்டுவான்?" ஊர்க்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவியதில் எனக்கும் அப்போது கொஞ்சம் பெருமைதான்.

கல்யாணம் நடந்தது. தங்கை உண்டானாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு அடிக்கடி மூக்கில் வடியும் ரத்தமும் நின்றுபோனது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அம்மா சேவல் அறுத்தாள். நாங்களும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

பிரசவ வார்டில் நர்ஸ் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ரத்தப்போக்கு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

தங்கையின் மாமியார் பக்கத்திலேயே நின்றார். "இல்லீங்க" என்றாள் அம்மா. தங்கை என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து, பிரசவமான ஒன்பதாம் நாள் ரத்தம் போக ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் போகும் என்று ஒரு பகல் முழுக்க விட்டுவிட்டோம். ஆம்புலன்ஸ் மலை இறங்கி முடிக்கும் முன்பே அவள் கை என் கைக்குள் சில்லிட்டுவிட்டது.

அவள் மகளுக்கு இப்போது பத்து வயது. மூக்கில் ரத்தம் வடிந்ததும் யாரையும் கேட்காமல் சேலத்துக்கு பஸ் ஏறினேன். அம்மாவும் கூடவே வந்தாள். அன்று அவளுக்குக் காய்ச்சலும் இருந்தது; அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் குறை தெரியவில்லை. காய்ச்சல் விட்டபின் மறுபடி எடுத்ததில் தெரிந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ரத்தக்குழாயின் உட்சுவரில் உருவாகும் ஒரு புரதம் இவளுக்குக் குறைவு. காயம்பட்ட இடத்தில் அது பிசின் போல நின்று தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தும். ரத்தம் உறையத் தேவையான வேறொரு பொருளையும் சிதையாமல் காக்கும். காய்ச்சல், அழற்சி என்று வந்தால் உடம்பு அதைக் கூடுதலாக வெளியே விடும். அழற்சி வந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் வந்து சேரவும் அது உதவும். கர்ப்பத்திலும் ஏறும். பிரசவமான சில நாளில் இறங்கிவிடும்.

அம்மனாவது, சேவலாவது. 

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க" என்றாள் அம்மா, பழக்கம் மாறாமல்.

"பொய்யிங்க" என்றேன். "இவ அம்மாவுக்கு மாசம் பதினஞ்சு நாள் போகும். இவளப் பெத்த ஒன்பதாம் நாள் ரத்தம் போய்த்தான் செத்தா."

"பிரசவம் பாத்தவங்ககிட்டச் சொன்னீங்களா? முன்னாடியே தெரிஞ்சா மருந்து இருக்குதுங்களே."

"கேட்டாங்க. நானும் பக்கத்துலதான் இருந்தேன். சொல்லலீங்க."

மூக்கில் பஞ்சோடு தங்கை மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அம்மா காய்ச்சலில் செத்துப்போனதாகத்தான் அதுவரை அவளிடம் சொல்லி வைத்திருந்தோம்.